பனிக்காட்டு இளவரசனும் பவர் குறைந்த கண்ணாடியும்

சக்கரம் சுற்றுகிற சத்தத்தை யார் வேண்டுமானாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அது நிற்கிற சத்தத்தை ஞாபகம் வைத்திருந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருந்தது அந்தச் சக்கரம். தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் ஒரு கல். லென்ஸின் விளிம்பை அதில் தேய்த்தால்தான் அது ஃப்ரேமுக்குள் ஒழுங்காக உட்காரும். க்ர்ர்ர் என்று கல் ஒரே ஸ்வரத்தில் பாடிக்கொண்டிருக்க, புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, வாரப் பத்திரிகைத் தொடர்கதையை அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் படிப்பாள். கதையில் யாரோ கதவைத் தட்டுவார்கள். கதாநாயகி எழுந்து போவாள். தாழ்ப்பாளில் கை வைப்பாள். அந்த இடத்தில் சக்கரம் நிற்கும். க்ர்ர்… ர்… ர். பிறகு ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர்.

"ம், யாரு?" என்பார் கண்ணாடிக்காரர்.

"தொடரும்னு போட்டிருக்கு" என்பாள் அவள்.

அதெல்லாம் ஒரு காலம். அப்புறம் கடைக்குப் புது மெஷின் வந்தது. தன் மூடிக்குள் லென்ஸைத் தானே தேய்த்துக்கொள்ளும் மெஷின். அதற்கு ஆளும் வேண்டாம், கதையும் வேண்டாம். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகிக் கடைக்கு மேலேயே குடியிருந்தாள். மாப்பிள்ளை தொழிலைக் கற்றுக்கொண்டார். ஒருநாள் மாப்பிள்ளை, "மாமா, நீங்க வீட்ல நிம்மதியா ரெஸ்ட் எடுங்களேன்" என்றார். 'எழுந்திருங்கள்' என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

கண்ணாடிக்காரர் வருத்தப்படவில்லை. அவர் மனதில் ஒரு படம் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர், மற்றொன்றில் மனைவி. நடுவே இரண்டு டம்ளர் டீ. சாயங்காலம் முழுக்கப் பேச்சு. இத்தனை வருஷம் வாடிக்கையாளர்களுக்கு நடுவே பேசாமல் விட்டதையெல்லாம் பேசித் தீர்ப்பது.

படத்தில் இருந்தபடியே இரண்டு நாற்காலிகள் வந்தன. டீயும் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாக எதிர்வீட்டு நர்ஸ் வந்தாள், கையில் தலையணை பருமனுக்கு ஒரு நாவலோடு.

"அக்கா, இதைப் படிங்க. டூட்டியில ஒளிச்சு வெச்சுப் படிச்சேன். ஒரு பேஷண்டுக்குப் போட வேண்டிய ஊசியை மறந்தே போயிட்டேன்."

"ஐயையோ! அவருக்கு என்ன ஆச்சு?"

"சந்தோஷமா வீட்டுக்குப் போனாரு."

அன்றோடு சரி. அவள் நாற்காலியில் உட்கார்வாள், படிக்கிற கண்ணாடியை மூக்கில் ஏற்றுவாள், காணாமல் போய்விடுவாள். உடம்பு மட்டும் ஜன்னலோரத்தில் இருக்கும்.

"அப்படி என்ன கதை அது?" என்று ஒருநாள் கேட்டார்.

"தேவதைக் கதை."

"இந்த வயசுலயா? றெக்கை கட்டிக்கிட்டு, கையில கோல் வெச்சுக்கிட்டு, வரம் குடுக்குமே, அதுவா?"

"அது குழந்தைங்களுக்கான தேவதை. இது பெரியவங்களுக்கானது. றெக்கை கிடையாது, காதுதான் கூரா இருக்கும். வரமெல்லாம் குடுக்காது, பேரம் பேசும்."

"பேரம் பேசுமா? அப்ப நம்ம கடைக்கு வர்றவங்கதான்."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். அவர் விடவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மெழுகுவர்த்தி செய்கிற ஒருவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் காட்டுக்குள்ளிருந்து கேட்ட ஒரு பாட்டைப் பின்தொடர்ந்து போனாள், திரும்பவில்லை. இளையவள் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு அக்காவைத் தேடிப் போகிறாள். பனிக்காட்டுத் தேவதைகளின் அரசவைக்குப் போய்ச் சேருகிறாள். அங்கே சில சட்டதிட்டங்கள் உண்டு. அவற்றைச் சாப்பாட்டு நேரத்தில் மனைவி விளக்கினாள்.

"அதுங்க குடுக்கிற சாப்பாட்டைத் தொடவே கூடாது. ஒரு வாய் வெச்சா போதும், அப்புறம் காலம் பூரா அங்கேயே கிடக்க வேண்டியதுதான்."

"நான் இத்தனை வருஷமா உன் சாப்பாட்டைத்தானே சாப்பிடுறேன்?"

"அதான் கிடக்கிறீங்க."

"சரி. வேற?"

"அதுங்களுக்கு நன்றி சொல்லக் கூடாது. சொன்னா கடன்பட்ட மாதிரி ஆயிடும்."

"இது கஷ்டமாச்சே."

"உங்களுக்கு என்ன கஷ்டம்? கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு தடவை சொல்லியிருப்பீங்களா? நீங்க அந்தக் காட்டுக்குள்ள போனா பத்திரமா திரும்பி வருவீங்க."

"நீ திரும்பி வா முதல்ல" என்று அவர் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"முக்கியமான விஷயம் என்னன்னா," என்று அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சாய்ந்தாள், "தேவதைகளுக்குப் பொய் சொல்ல வராது. ஒரு பொய் கூட. ஆனா ஏமாத்தும்."

"பொய் சொல்லாம எப்படி ஏமாத்துறது?"

"கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லாது. பக்கத்துல கிடக்கிற உண்மை ஒண்ணைத் தூக்கிக் கையில குடுத்துடும். நாமளும் வாங்கிட்டு வந்துடுவோம். அதே மாதிரி, அதுங்ககிட்ட நாம வாக்குக் குடுத்துட்டா அவ்வளவுதான். திரும்ப வாங்க முடியாது."

"மோசமான ஆளுங்களா இருக்காங்களே."

"எல்லாரும் இல்ல. இளவரசன் நல்லவன்."

கண்ணாடிக்காரரின் கை தட்டில் நின்றது. "எந்த இளவரசன்?"

"பனிக்காட்டு இளவரசன். சாம்பல் நிறக் கண்ணு. அவன் ஒருத்தரைப் பார்த்தா, அவங்க மறந்துபோன விஷயமெல்லாம் அவங்களுக்கு ஞாபகம் வந்துடும்."

"கண்ணு சாம்பலா இருந்தா காட்டராக்ட். வயசு என்ன அவனுக்கு?"

"நானூறு."

"என்னைவிடப் பெரியவன்."

"ஆமா. ஆனா முடி கொட்டல."

அன்றைக்கே அவர் முடிவெடுத்துவிட்டார். உலகத்தில் எத்தனையோ கணவர்களுக்கு எத்தனையோ எதிரிகள் இருக்கலாம். காகிதத்தில் இருக்கிற ஒருவன் தன் மனைவியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. நானூறு வயசுப் பயலை வீட்டைவிட்டு அனுப்பியே தீருவது. எப்படி? புத்தகத்தை ஒளித்தால் நர்ஸ் இன்னொன்று கொண்டுவருவாள். விளக்கை அணைத்தால் ஜன்னலைத் திறப்பாள். ஆனால் கண்ணாடி? கண்ணாடி அவர் ராஜ்யம்.

மறுநாள் கடைக்குப் போனார். மாப்பிள்ளை மரியாதையாக எழுந்து நின்றார்.

"என்ன மாமா, ஏதாவது வேணுமா?"

"சும்மா. கை ஊறுது. பின்னறையில கொஞ்ச நேரம் உட்கார்றேன்."

அவளுடைய கண்ணாடி மாதிரியே இன்னொன்று. கீழ்ப்பாதியில் சட்டம் இல்லாத அதே மாடல், அதே பழுப்பு நிறம். லென்ஸ் மட்டும் அவளுக்கு வேண்டியதில் பாதிப் பவர். அதைப் போட்டுக்கொண்டால் சமையல் செய்யலாம், தடுக்கி விழமாட்டாள், ஆனால் பொடி எழுத்தெல்லாம் மழையில் நனைந்த மாதிரி இருக்கும். புது மெஷினில் தேய்த்தால் மாப்பிள்ளை என்ன ஏது என்று கேட்பார். அதனால் பழைய கல்லின் மேலிருந்த துணியை எடுத்தார். தண்ணீர் ஊற்றினார். லென்ஸ் உறையைக் கிழித்தார். பவர் அச்சடித்த அந்த உறையைக் கசக்கிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டார்.

சக்கரம் சுற்றியது. க்ர்ர்ர். எதிரே ஸ்டூல் காலியாக இருந்தது. படிக்க ஆள் இல்லாததால் நிறுத்த வேண்டிய இடம் எதுவும் வரவில்லை. ஒரே மூச்சில் வேலை முடிந்துவிட்டது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் யாருக்கும் தப்பான கண்ணாடி கொடுத்ததில்லை. முதல் தப்புக் கண்ணாடியை வீட்டுக்காக ஒதுக்கி வைத்திருந்தார் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாவல் நாற்காலியில் மூடிக் கிடந்தது. அதன்மேல் கண்ணாடி. பக்கம் மறக்காமலிருக்க அவள் எப்போதும் செருகி வைக்கிற பஸ் டிக்கெட், புத்தகத்துக்கு வெளியே தரையில் விழுந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், யோசிக்கவில்லை. கண்ணாடியை மாற்றினார். நல்ல கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பேப்பரை விரித்துக்கொண்டு அப்பாவியாக உட்கார்ந்தார்.

சாயங்காலம் டீயோடு வந்தாள். நாவலை எடுத்தாள். அதிசயமாக, தன் நாற்காலியை அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். தொண்டையைச் செருமினாள். கண்ணாடியைப் போட்டாள். புத்தகத்தைத் திறந்தாள்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் புத்தகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். தள்ளிப் பிடித்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைக்கும்போது விரல் நுனியால் லென்ஸின் கீழ் விளிம்பை ஒருமுறை தடவினாள். மறுபடி போட்டாள். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"ஏங்க."

"என்னம்மா?" அவர் குரலில் தேன் வழிந்தது.

"இந்தக் கண்ணாடியில எழுத்து கலங்குது."

"வயசாச்சு இல்ல? கண்ணுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு குடு. படிச்சது போதும். பேசிக்கிட்டு இருப்போம், என்ன?"

"அதுவும் சரிதான். எதுக்கும் காலையில மாப்பிள்ளைகிட்ட குடுத்து, மெஷின்ல வெச்சுப் பவரைப் பார்க்கச் சொல்றேன்."

கண்ணாடிக்காரருக்கு டீ புரையேறியது. மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். மாப்பிள்ளை மகளிடம் சொல்வார். மகள் உலகத்திடம் சொல்வாள்.

"சேச்சே, எதுக்கு அவரைப் போய்த் தொந்தரவு பண்ணிக்கிட்டு? பாவம், வேலை இருக்கும் அவருக்கு."

"அப்ப இதை யாரு படிக்கிறது?"

"நா… நான் படிக்கிறேன். குடு."

கொடுத்தாள். முதல் பக்கம் திறந்திருந்தது.

"நீ பாதிக்கு மேல போயிட்டியே? முதல்லேர்ந்தா?"

"நடுவுலேர்ந்து படிச்சா உங்களுக்குப் புரியுமா?"

நியாயமாகத்தான் பட்டது. படிக்க ஆரம்பித்தார்.

கண்ணாடிக்காரர் வாழ்நாளில் சத்தமாகப் படித்ததெல்லாம் டாக்டர் எழுதித் தருகிற கண் பவர் சீட்டுகளை மட்டும்தான். அதே ராகத்தில் தேவதைக் கதையைப் படித்தார். வலது கண், இடது கண் என்று சொல்லாததுதான் பாக்கி.

"'பெண்ணே நீ இங்கு வந்திருக்கக் கூடாது என்றான் இளவரசன் அவன் குரலில் பனி உருகியது.'"

"எங்க உருகுச்சு? கட்டியா இருக்கு. காதலிக்கிறவன் பேசுற மாதிரி படிங்க."

"எனக்கு அதெல்லாம் வராது."

"தெரியும். முயற்சி பண்ணுங்க."

நாலு நாளில் நர்ஸும் வந்து உட்கார்ந்துகொண்டாள். யூனிஃபார்மோடு, காலை நீட்டிக்கொண்டு.

"அண்ணே, பனிக்காட்டு ராணி பேசும்போது குரலை இறக்கிப் பேசுங்க. அவ மெதுவா பேசினாத்தான் பயம். எங்க ஹெட் நர்ஸ் அப்படித்தான்."

"நீங்கதான் ஏற்கெனவே படிச்சாச்சே, எதுக்கு வர்றீங்க?"

"நான் படிச்சப்போ இவ்வளவு சிரிப்பா இல்லண்ணே."

தெருவில் செய்தி பரவியது. மகள் போன் பண்ணினாள்.

"அப்பா, சாயங்காலம் ஆனா வீட்ல நீங்க பொம்பளைக் குரல்ல பேசுறீங்களாமே? மளிகைக் கடையில கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

"அது நான் இல்லம்மா. பனிக்காட்டு ராணி."

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள் மகள்.

இதில் அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அவருக்குக் கதை பிடித்துவிட்டது. காலையில் அவள் குளிக்கப் போனதும் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகத் திறந்து, அடுத்த பக்கங்களைப் பார்த்து வைத்துக்கொள்வார். சாயங்காலம் ஒன்றும் தெரியாதவர் போல ஆச்சரியப்பட்டுப் படிப்பார். மூத்தவள், தேவதை நீட்டிய பழத்தைக் கடித்த இடத்தில் புத்தகத்தைப் பட்டென்று மூடி, "படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே! இந்தக் காலத்துப் பசங்க யாரு பேச்சைக் கேக்குறாங்க?" என்று கத்தினார். கடைக்குப் போய் மாப்பிள்ளைக்கு அறிவுரை வழங்கினார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க மாப்பிள்ளை. தேவதைகிட்ட வாயை விடவே கூடாது. வாக்குக் குடுத்தா முடிஞ்சுது."

"சரி மாமா" என்றார் மாப்பிள்ளை. ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

ஒரு சாயங்காலம் அந்த இடம் வந்தது. பனிக்காட்டில் ஒரே ஒரு இரவு ஆடிவிட்டு, அக்காளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தங்கை வெளியே வருகிறாள். ஊர் அங்கேயே இருக்கிறது. தெருவும் இருக்கிறது. மெழுகுவர்த்திக் கடையில் மட்டும் வேறு யாரோ உட்கார்ந்து வேறு எதையோ விற்கிறார்கள். அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. காட்டுக்குள் ஓர் இரவு, வெளியே ஒரு தலைமுறை.

கண்ணாடிக்காரர் அந்த வரியோடு நின்றுவிட்டார். அவரும் ஒருநாள் காலையில் சக்கரத்தின் முன் குனிந்தவர்தான். லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சரி என்று நிமிர்ந்தபோது தலை நரைத்திருந்தது. எதிரே ஸ்டூலில் இருந்தவளைக் காணவில்லை. மெஷின் வாங்கிய அன்றைக்கு, 'இனிமே நீ இங்க கஷ்டப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்' என்று அவர்தான் அவளை வீட்டுக்கு அனுப்பினார். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.



"ம், அப்புறம்?" என்றாள் அவள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, படித்தார்.

மறுநாள் அவள் ஊசியும் நூலுமாக வந்தாள். "இதைக் கொஞ்சம் கோத்துக் குடுங்க."

கோத்துக் கொடுத்தார். அவர் சட்டையில் பிய்ந்திருந்த பொத்தானைத்தான் அவள் தைத்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, துணியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தடவித் தடவித் தைத்தாள். விரலில் ஊசி குத்தியது. "ஸ்" என்றாள். அவ்வளவுதான். ஊசி கண்ணாடிக்காரரின் நெஞ்சில் இறங்கியது.

அவள் அந்தப் பக்கம் போனதும் நல்ல கண்ணாடியை அதன் இடத்தில் வைத்துவிட்டார். போதும் விளையாட்டு. இனி அவளே படித்துக்கொள்ளட்டும். தனக்கும் தொண்டை கட்டிவிட்டது. கதையை மட்டும், வேண்டுமானால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

சாயங்காலம் அவள் கண்ணாடியைப் போட்டாள். அவர் ஆவலாகப் பார்த்தார். அவள் புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நீங்க படிங்க."

"இன்னிக்கு உனக்கு நல்லா தெரியுமே!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இல்ல… ஓய்வு குடுத்தோமே, அதனால சொன்னேன். பாரேன். தெரியலையா?"

"இளவரசனைக் கட்டிப் போட்டிருக்காங்க. சீக்கிரம் படிங்க."

"எழுத்து தெரியுதா இல்லையா, அதைச் சொல்லு."

"நேத்து ராணிக் குரல் நல்லா இருந்துச்சு. அதே மாதிரி படிங்க."

சரியான கண்ணாடி. அவரே பார்த்துப் பார்த்துப் போட்ட பவர். அதிலும் தெரியவில்லை என்றால்? தப்புக் கண்ணாடி போட்டுப் போட்டுக் கண் கெட்டுவிட்டதா? அப்படியெல்லாம் கெடாது என்று அவருக்குத் தெரியும். வாடிக்கையாளர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் அவள் வாடிக்கையாளர் இல்லை. அன்றைக்கு இளவரசன் என்ன ஆனான் என்பது அவருக்கே தெரியவில்லை. வாய் படித்தது, மனது கண்ணுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

விடிந்ததும் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"மெஷின்ல பார்த்துடலாம் அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"வேண்டாம் மாப்பிள்ளை. எனக்கு எப்பவும் இவர்தான் பார்ப்பாரு. இவரே பார்க்கட்டும்."

பின்னறைக்குப் போனார்கள். அவள் அந்தப் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் படிக்கிற அட்டையை அவள் கையில் கொடுத்தார். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்தாக ஒரு சின்னப் பத்தி.

"கடைசி வரியைப் படி."

"'தோட்டத்தில் பூத்த பூக்களைப் பறித்தவர் யாரும் இல்லை.'"

அவருக்கு உயிர் வந்தது. நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு வருஷம் இந்த அட்டையை வர்றவங்க முன்னாடி நான் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்? சுவத்துல இருக்கிறது, இது, எல்லாமே எனக்கு மனப்பாடம். இதை வெச்சு என்னை என்னன்னு சோதிப்பீங்க?"

ஊரில் எல்லோருடைய கண்ணையும் பார்த்தவர். ஒரே ஒருத்தியின் கண்ணைப் பார்க்க அவரிடம் அட்டை இல்லை. கண்ணாடிக்காரர் பழைய கல்லுக்குப் பக்கத்தில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"உன் கண்ணு நல்லா இருந்தா அதுவே போதும்" என்றார். "வேற ஒண்ணும் வேண்டாம். என் ஆயுசு பூரா நானே உனக்குப் படிக்கிறேன்."

"ஆயுசு பூராவா?"

"ஆயுசு பூரா."

"வாக்கா?"

"வாக்கு."

அவள் கண்ணைத் திறந்தாள். குனிந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் கசங்கிக் கிடந்த ஒரு காகித உறையை எடுத்தாள். மடியில் வைத்து நீவினாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எறும்பு மாதிரி அச்சாகியிருந்த எண்ணை நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"ப்ளஸ் ஒண்ணே கால்." அவரைப் பார்த்தாள். "எனக்கு ரெண்டரை இல்ல?"

முன்பக்கத்தில் மாப்பிள்ளையின் மெஷின் ஏதோ ஒரு லென்ஸைத் தேய்த்து முடித்துவிட்டு, பீப் என்றது.

"எப்போ… எப்போ தெரியும்?"

"முதல் நாளே. விளிம்பைத் தடவினேனே. மெஷின் தேய்ச்சா வழவழன்னு இருக்கும். உங்க கை தேய்ச்சா கீழ்ப்பக்கம் ஒரு சின்ன மேடு நிக்கும். கல்யாணமான புதுசுலேர்ந்து நிக்குது. இந்தக் கல்லை மறுபடி தொட்டிருக்கீங்கன்னு தெரிஞ்சதும் எனக்குக் கோவம் வரல. எதுக்குத் தொட்டீங்கன்னு பார்க்கலாம்னு உட்கார்ந்துட்டேன்."

"நீ படிக்கிறதை நிறுத்திட்டு என்கூடப் பேசணும்னுதான்…"

"அன்னிக்கு மத்தியானமே நான் கதையை முடிச்சாச்சே! உங்களுக்கு முதல்லேர்ந்து படிச்சுக் காட்டலாம்னுதான் நாற்காலியைப் பக்கத்துல இழுத்துப் போட்டேன். முன்ன மாதிரி. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா, ஒரு எழுத்தும் தெரியல."

அன்றைக்குத் தரையில் விழுந்திருந்த பஸ் டிக்கெட் கண்ணாடிக்காரருக்கு ஞாபகம் வந்தது.

"அப்போ இத்தனை நாளா என்கிட்ட நீ பொய்தானே சொன்ன?"

"எங்க, ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

அவர் யோசித்தார். இந்தக் கண்ணாடியில் எழுத்து கலங்குது என்றாள்; கலங்கத்தான் செய்தது. மாப்பிள்ளையிடம் கொடுப்பேன் என்றாள். வேண்டாம் என்றது அவர். நடுவிலிருந்து படித்தால் உங்களுக்குப் புரியுமா என்றாள், புரிந்திருக்காது. நீங்க படிங்க என்றாள்; அது பொய்யா? ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

"உனக்கும் காது கூராத்தான் இருக்கு" என்றார்.

"சரி, எழுந்திருங்க. வீட்டுக்குப் போய் மிச்சத்தைப் படிக்கணும். உங்களுக்குத்தான் முடிவு தெரியாது."

"எனக்கும் தெரியும்" என்றார் அவர், தலை குனிந்துகொண்டு. "நீ குளிக்கப் போனப்ப பார்த்துட்டேன்."

அவள் அங்கேயே, அந்த ஸ்டூலிலேயே, சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் நர்ஸ் வந்தாள். கையில் இன்னொரு தலையணை. வழக்கமாக அக்காவிடம் கொடுப்பதை நேராக அவர் மடியில் வைத்தாள்.

"ரெண்டாம் பாகம் அண்ணே. முதல் பாகத்தைவிடப் பெருசு. ராணிக்குத்தான் வசனம் ஜாஸ்தி."

"இதை எதுக்கு என்கிட்ட குடுக்கிறீங்க?"

"ஆயுசு பூரா ஒத்துக்கிட்டீங்களாமே? அக்கா சொன்னாங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். மூக்கில் கண்ணாடி இல்லை. அதைத் துடைத்து உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டிருந்தாள், இனி அதற்கு வேலை இல்லை என்கிற மாதிரி. அவர் தொண்டையைச் செருமினார். இளவரசனின் குரலை எடுத்துக்கொண்டார். பனி ஓரளவு உருகியது.

மூன்றாம் பாகம் வெளிவர நெடுநாள் ஆயிற்று. அதைப் பாதி படித்திருந்தபோது கண்ணாடிக்காரர் இறந்துபோனார். மீதிப் பாதியை, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, அவள் சத்தம் போட்டுப் படித்து முடித்தாள்.